வீட்டுப் பூச்சிகளும் விஷமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற் படிப்பதற்குரிய சொற்பொழிவு)



தமிழ்நாட்டின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் திருவள்ளூரை அடுத்த திரூர் என்னும் கிராமத்தில் 1904-ஆம் ஆண்டில் அமைந்தது. குடியானவன் பாடுபட்டுத் தேடிய பொருள் வட்டிக்காரன் கைக்குப் போகாமல் அவன் வீட்டிலேயே நிலைக்கவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் முதல் நோக்கம். அந்நோக்கம் பல கிராமங்களில் ஓரளவு நிறைவேறியும் இருக்கிறது. ஆயினும், வீட்டுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, பத்திரம் எழுதாமலும் ரசீது கொடாமலும் நாள்தோறும் வசூல் செய்துகொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. குதிரில் உள்ள நெல்லை வண்டும் அந்துப்பூச்சியும் தின்கின்றன. மூட்டையை எலி கடிக்கின்றது. கதவு நிலையைக் கறையான் அரிக்கின்றது. கொசுக்கடியால் வந்த காய்ச்சலோ ஒரு வாரத்துக் கூலியையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுகின்றது. சங்கத்திற் கடன் வாங்கிப் பயிரிட்ட தானியத்தில் ஒரு பங்கு இவ்வாறு போய்விடுமாயின், கடனை அடைப்பது எங்ஙனம்?

இந்நஷ்டத்தைக் கண்டு மனம் சலித்த குடித்தனக்காரர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. கடைக்குச் சென்று "பூச்சி மருந்து" என்று பொதுவாகக் கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிவந்து, வீடெங்கும் தெளித்துவிடுகின்றனர். இன்ன நோய் என்று அறியாமல் மருந்து உண்பவனுடைய செய்கையை ஒத்தது இது. பூச்சி பிழைத்துக்கொள்ள, அதற்கென்று வாங்கிய விஷம் வீட்டுக் குழந்தையைக் கொன்ற செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆதலால் இச்சொற்பொழிவின் சாரம் மூன்று விதிகளில் அடங்கும். முதலாவது, வந்திருக்கும் பிராணி இன்னதென்று அறிதல். இரண்டாவது, அதற்கு உணவும் நீரும் ஒதுங்கும் இடமும் கிடையாமற் செய்தல். மூன்றாவது, விஷத்தைக் கடைசியாக, அளவறிந்து, ஜாக்கிரதையுடன் கையாளுதல். இம்மூன்றையும் ஒரு வீடு மட்டும் செய்தால் அரைப் பலன். ஊர் முழுவதும் கூடிச் செய்தால் முழுப் பலன்.

தானியக் களஞ்சியம்

தானியத்திற் காணும் பூச்சிகளை எல்லாம் "வண்டு விழுந்துவிட்டது" என்று ஒரே பெயரால் கூறுவது வழக்கம். ஆனால் அவை பல இனத்தவை. அவற்றின் குணமும் வெவ்வேறு. அரிசி வண்டுக்கு யானைத் துதிக்கை போல நீண்ட மூக்கு உண்டு. தாய் வண்டு அம்மூக்கினால் தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துவாரத்தை அடைத்துவிடும். புழு உள்ளேயே வளர்வதால், வண்டு வெளிவரும் வரையில் தானியம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அந்துப்பூச்சி நெல்லின்மேல் முட்டையிடும். சிறு புழு உமிக்குள் நுழைந்து அரிசியைத் தின்னும். இப்பூச்சி குவியலின் மேற்பரப்பில் மாத்திரம் பரவும், ஆழத்திற் செல்லாது. சிவந்த மாவு வண்டோ முழு மணியை எளிதில் துளைக்கமாட்டாது. மாவு, ரவை, நொய், உடைந்த மணி ஆகியவற்றையே நாடும். மாவு வண்டு மிகுதியாகக் காணப்படுமாயின், தானியத்தில் நொறுங்கலும் தூசியும் மிகுந்துவிட்டன என்று அறியலாம்.

பயறு வண்டின் கதை வேறு. துவரை, உளுந்து, பாசிப்பயறு முதலியவை வயலில் முற்றி நிற்கும்போதே அது காய்களின்மேல் முட்டையிடத் தொடங்குகின்றது. பயற்றின் தோலில் ஒட்டியுள்ள வெள்ளைப் புள்ளிகள் அதன் முட்டைகளே. ஆகவே, "வீடு சுத்தமாக இருந்தும் பயற்றில் வண்டு வந்துவிட்டதே" என்று வியப்பதில் பொருள் இல்லை. பகைவன் மூட்டையோடு வீட்டுக்கு வந்தவன். அறுவடை ஆனவுடன் நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் மறுமுறையும் வெயிலிற் போட்டுப் புடைத்து வைத்தலே இதற்கு முதல் உபாயம். சமையலுக்கு உரிய பயற்றை உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டு பெருகுவது அரிது. முழுதாக வைக்கவேண்டிய பயற்றில் கிலோ ஒன்றுக்கு 5 முதல் 10 மில்லி லிட்டர் வரை ஆமணக்கெண்ணெயோ கடலையெண்ணெயோ இட்டுப் பிசிறி வைத்தால், முட்டையிலுள்ள கரு மூச்சடைத்து மாண்டுபோகும். துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் பழைய வழக்கமும் அறிவுக்குப் பொருந்தியதே. மண்பூச்சு வண்டை முட்டையிட வொட்டாமல் தடுக்கின்றது.

எல்லாத் தானியத்துக்கும் பொதுவான காப்பு உலர்ச்சி. நெல்லில் ஈரப்பதம் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்குக்கு மேற்படாமலும், பயற்றில் 10 பங்கை ஒட்டியும் இருக்குமாறு காயவைத்தல் வேண்டும். பல்லிற் கடித்தால் நசுங்காமல் சட்டென்று முறியும் மணி காய்ந்த மணி. காய்ந்த தானியத்தைச் சூடு ஆறிய பின்னரே மூட்டை கட்டவேண்டும். பழைய சாக்கை உபயோகிக்குமுன் கொதிநீரில் நனைத்து வெயிலில் உலர்த்துக. மூட்டைகளை வெறுந்தரையிற் போடாமல் பலகைமேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஒரு முழம் இடம் விடுக. புதுத் தானியத்தைப் பழைய தானியத்தோடு ஒருபோதும் கலத்தல் ஆகாது. பத்தாயத்தின் மூலையிலும் சுவர் வெடிப்பிலும் கிடக்கும் பழைய தூசியைத் துடைத்து எடுக்காமற் புதுநெல்லைக் கொட்டுவது, எதிரிக்குச் சோறு போட்டு அழைப்பதாகும். கப்ரா வண்டு என்பதன் ரோமம் நிறைந்த புழு, உணவில்லாமலே சுவர்ப் பிளவுகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, தானியம் வந்தவுடன் விழித்தெழும் தன்மையது. இந்தியாவுக்கே உரிய இவ்வண்டு கப்பல் வழியாகப் பிற நாடுகளுக்குச் சென்று அங்கே பெரும் அச்சத்தை உண்டாக்கியிருக்கிறது.

வண்டு பெருகுமுன் கண்டுபிடிக்க ஓர் எளிய சாதனம் உண்டு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமைத்த குழாய்ப் பொறி அது. சிறு துவாரங்கள் நிறைந்த அக்குழாயைத் தானியத்திற் செருகி வைத்தால், காற்றை நாடி அலையும் வண்டுகள் துவாரத்தின் வழியே புகுந்து அடியிலுள்ள கிண்ணத்தில் வீழ்ந்துவிடும். ஒன்றிரண்டு வண்டு விழுந்த அன்றே தானியத்தை வெயிலிற் போட்டுவிட்டால், பின்னர் மருந்தைத் தேட வேண்டுவதில்லை. வேப்பிலை, நொச்சி, வசம்பு முதலியவை பூச்சியை விலக்குமேயன்றி, உள்ளே புகுந்துவிட்ட புழுவைக் கொல்லமாட்டா. அவற்றை உலர்ச்சிக்குத் துணையாகக் கொள்ளலாம். அதற்குப் பதிலாகக் கொள்ளுதல் கூடாது.

எலிகள்

எலியை ஒழிப்பதிலும் இனமறிதலே முதற்படி. கூரையிலும் பரண்மேலும் ஓடும் வீட்டெலியின் வால் அதன் உடலைவிட நீளமானது. அது ஏறுவதில் வல்லது. பெருச்சாளி உருவிற் பெரியது. சாக்கடையோரத்திலும் சுவரின் அடியிலும் வளை தோண்டும். அதற்குச் சிறிய உறவினமாகிய வயலெலியின் வால் உடலைவிடக் குட்டையானது, அது வளைக்குள் கதிர்களைச் சேமித்து வைக்கும், கிடங்குகளிலும் புகும். சுண்டெலி மிகச் சிறியது. பெட்டிக்குள்ளும் பீரோவுக்குள்ளும் வாழும். கூரிய மூக்கும் ஒருவகை நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனமே அன்று. அது கரப்பானையும் பிற பூச்சிகளையும் தின்று வீட்டுக்கு உபகாரம் செய்யும் பிராணி. அதைக் கொல்வது நஷ்டம்.

கூரையில் ஓடும் எலிக்குத் தரையிற் பொறி வைப்பதும், வளைக்குள் வாழும் பெருச்சாளிக்குப் பரணில் மருந்து வைப்பதும் வீண் உழைப்பு. அரை அங்குலத் துவாரத்தில் எலி புகும். கால் அங்குலத் துவாரத்திற் சுண்டெலி புகும். ஆகையால் கதவடி, சாக்கடைக் குழாய், சுவரும் கூரையும் சேரும் இடம் ஆகியவற்றைக் கம்பிவலையாலும் சிமெண்டாலும் அடைத்தல் வேண்டும். கூரைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் மரக்கிளைகளை வெட்டிவிடுதல் வேண்டும். இரவிற் பாத்திரங்களைக் கழுவாமல் வைப்பதும், மாட்டுத் தீனியைத் திறந்து போடுவதும் எலிக்கு விருந்து.

வீட்டெலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. பொறி வாங்கிவந்த இரவிலேயே அதை இழுத்து வைத்து, எலி விழவில்லை என்று மறுநாள் மூலையில் எறிபவர் பலர். மூன்று நான்கு இரவு பொறியை இழுக்காமலே, தேங்காய்க் கீற்றோ கருவாடோ வைத்து, எலிகள் அச்சம் தெளிந்து தின்னும்படி விடுக. பிறகு ஒரே இரவிற் பல பொறிகளை இழுத்து வைத்தால் பலன் நன்கு தெரியும். காவிரிப் பகுதியில் மூங்கிலாற் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி, வயலெலிக்கு இன்றும் செலவு குறைந்த சாதனம். எலி வளையைக் கண்டறிந்து தோண்டிப் பிடிப்பதில் இருளர் மக்களை ஒப்பார் இலர். அவர்களுள் பாம்பு பிடிப்போர் 1978-ஆம் ஆண்டிலேயே தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இத்தகையவர் அருகில் இருக்கும் ஊரில், கூலி கொடுத்து அவர்களை அழைப்பது விஷம் வாங்குவதினும் மேலானது. வயலில் ஆந்தை உட்காரக் கழி நட்டு வைப்பதும் நல்லதே. எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தினாற் பரவுவதாதலால், செத்த எலியை வெறுங்கையாலே தொடலாகாது. ஆழப் புதைத்துக் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

வீட்டுக்குள் விஷம்

இனிக் கூறுவதைப் பெண்மக்களும் சிறுவரும் கூடக் கேட்டு நினைவில் வைத்தல் வேண்டும்.

எலிப்பசை என்று விற்கப்பட்ட ஒரு மருந்தில் மஞ்சட் பாஸ்பரஸ் என்னும் கொடிய விஷம் உண்டு. பற்பசை போன்ற குழாயில் இருப்பதால், விவரம் அறியாத குழந்தை அதை வாயில் வைத்துவிடும். வறுமையாலோ மனத்துயராலோ ஒரு கணத்தில் நிதானம் இழந்தவர் கைக்கும் அது எளிதிற் கிட்டியது. இதனை உட்கொண்டவருக்கு முதல் நாளில் வயிற்றுப் புரட்டல் இருக்கும். பிறகு ஓரிரு நாள் உடம்பு தேறியது போலத் தோன்றும். உறவினர் ஆபத்து நீங்கியதென்று மகிழ்ந்து வீட்டுக்கு அழைத்துச் செல்வர். அதன் பின்னரே ஈரல் கெட்டு உயிருக்கு ஆபத்து வரும். இதற்கு மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டில் பல உயிர்கள் இதனால் மாண்டபடியால், அண்மை ஆண்டுகளில் இப்பசையின் விற்பனையை அரசாங்கத்தார் தடை செய்தனர். பழைய குழாய் எந்த வீட்டுப் பரணிலாவது கிடக்குமாயின், அதைக் குப்பையில் எறியாமலும் சாக்கடையில் ஊற்றாமலும், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரைக் கேட்டு அப்புறப்படுத்துதல் வேண்டும்.

மற்றொன்று, தானியக் கிடங்குகளில் உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் இதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுக்காற்று எழும். ஆட்கள் வசிக்காத இடத்தில், காற்றுப் புகாத உறையிட்டு மூடி, பயிற்சி பெற்றவர் மட்டுமே இதை உபயோகிக்கலாம். பொதுஜனங்களுக்குச் சில்லறையாக விற்பதற்கு அரசாங்க விதி இடங்கொடாது. அப்படியிருந்தும், நெல் மூட்டைக்குள் இரண்டு மாத்திரை போட்டு அதே அறையிற் படுத்துறங்குபவர் இருக்கின்றனர். அக்காற்று சுவர் வெடிப்பின் வழியே அடுத்த வீட்டுக்கும் செல்லும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் மருந்து வைத்த பின் இரவில் அங்கே உறங்கிய குடும்பத்தினர் நோயுற்று, அவர்களுள் இரு குழந்தைகள் இறந்துபோயினர். எலியால் எவ்வளவு நஷ்டம் வந்தாலும் அதற்கு ஈடாகக் கொடுக்கத்தக்க விலை அன்று இது.

மருந்து வைத்தே தீரவேண்டிய இடத்தில், புரோமடியலோன் போன்ற, சில நாட்களில் மெல்ல வேலை செய்யும் தூண்டில் மருந்தை, குழந்தையும் கோழியும் நாயும் நுழையமுடியாத பெட்டிக்குள் வைக்கலாம். தவறி உட்கொண்டால் வைத்தியர் கொடுக்கத்தக்க மாற்று மருந்து இதற்கு உண்டு. இதையும் தீனியோடு சேர்த்து வைத்தல் ஆகாது. விஷம் எதையும் சோடாப் புட்டியிலோ எண்ணெய்ச் சீசாவிலோ மாற்றி ஊற்றாமல், சீட்டு ஒட்டிய அதன் சொந்தப் புட்டியிலேயே பூட்டி வைக்கவேண்டும். எவரேனும் உட்கொண்டுவிட்டால், உப்புநீர் கொடுத்து வாந்தி செய்வித்தல் முதலிய கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல், 108 என்ற எண்ணுக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் வரவழைத்து, மருந்தின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். உடம்பு தேறியது போலத் தோன்றினாலும், வைத்தியர் சொல்லாமல் வீடு திரும்பலாகாது.

இன்னொரு செய்தியும் உண்டு. பி.எச்.சி. பொடி என்று பெரியவர்கள் இன்னும் கடைகளிற் கேட்பதுண்டு. உடம்பிலும் மண்ணிலும் நெடுநாள் தங்கும் அவ்விஷம் இந்தியாவில் 1997-ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அப்பெயரைச் சொல்லி எவரேனும் பொடி விற்பாராயின், அதை வாங்காதிருத்தலே புத்தி. எழுதும் சுண்ணக்கட்டி போன்று வரும் எறும்பு மருந்தும், சீட்டும் பெயரும் இல்லாததாயின், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு ஆகாது.

கறையானும் உளுவும்

மரம் கெடுவதற்குக் காரணமானவை பல. எது என்று அறிவதற்கு அது விட்டுச் செல்லும் அடையாளமே சாட்சி. சுவரின்மேல் விரற்கனமாக மண்குழாய் ஓடுமாயின், அது நிலத்திற் புற்றுடைய கறையான். மண்குழாய் இல்லாமல், மரத்தின் கீழே கசகசா விதை போன்ற சிறு மணிகள் உதிர்ந்து கிடக்குமாயின், அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையான். மாவு போன்ற மெல்லிய தூள் உதிர்ந்து, குண்டூசி நுழையத்தக்க துவாரங்கள் காணப்படுமாயின், அது உளுக்கும் வண்டு. முதலாவதற்கு நிலத்தொடர்பை அறுக்கவேண்டும். மற்ற இரண்டுக்கும் நிலத்தில் மருந்து ஊற்றிப் பயன் இல்லை. அம்மரத்தையே வெயிலிற் காயவைத்தோ மருந்து பூசியோ மாற்றியோ சீர்செய்யவேண்டும்.

மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல் கறையானின் குலத்தைப் பரப்பும் கூட்டமே. இறகு முளைத்த எறும்பும் அப்பொழுதே பறப்பதுண்டு. ஈசலின் நான்கு இறகும் ஒரே அளவின, இடை பருத்தது, உணர்கொம்பு நேரானது. எறும்புக்கு முன்னிறகு பெரிது. இடை நூல் போன்றது. கொம்பு முழங்கை போல மடங்கியது. ஈசல் வீட்டுக்கு உள்ளேயிருந்தே புறப்படுமாயின், அடித்தளத்திற் கறையான் உண்டென்று கொண்டு உடனே பரிசோதிக்கவேண்டும்.

கறையானுக்கு ஈரம் உயிர். சுவரில் நீர்க்கசிவை நிறுத்துதல், விறகையும் வைக்கோலையும் சுவரோடு சாத்தாதிருத்தல், மண்குழாயைக் கண்டபோதெல்லாம் சுரண்டிவிட்டு மறுநாள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் ஆகியவை தினசரி வேலைகள். புற்றின் மேற்பகுதியை மட்டும் இடித்துத் தள்ளுவதால் பயனில்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ராணி ஆழத்தில் இருக்கிறது. புதிதாக வீடு கட்டுபவர், அஸ்திவாரம் போடும்போதே அதற்குரிய மருந்தை அறிந்தவரைக்கொண்டு மண்ணில் இடுவித்தால், பின்னாற் படும் செலவில் ஒரு சிறு பகுதியே ஆகும். சங்கக் கட்டடத்தில் கணக்குப் புத்தகங்களும் கடன் பத்திரங்களும் இருக்கும் அலமாரியைச் சுவரினின்று ஒரு சாண் தள்ளி இரும்புக் கால்மேல் நிறுத்தி, மாதம் ஒருமுறை காரியதரிசி திறந்து பார்ப்பது அவருடைய கடமைகளுள் ஒன்றாகட்டும்.

மூட்டைப்பூச்சியும் கரப்பானும்

மூட்டைப்பூச்சியை டி.டி.டி. முதலிய மருந்துகளால் ஒழித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. 1947-ஆம் ஆண்டிலேயே ஹவாய்த் தீவில் அம்மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சி தோன்றிவிட்டது. வெப்பத்துக்குத் தப்பும் மூட்டைப்பூச்சியோ இன்றளவும் பிறக்கவில்லை. கட்டிலின் சந்துகளிற் கொதிநீர் ஊற்றுதலும், துணிகளை வெந்நீரில் துவைத்தலும், பாய் தலையணைகளைக் கடுவெயிலில் திருப்பித் திருப்பிப் போடுதலும், வாரம் ஒருமுறையாக ஒரு மாதம் தொடர்ந்து செய்யப்பட வேண்டும். ஒருமுறையில் நிறுத்தினால், ஒளிந்திருந்த முட்டைகள் பொரித்துப் பழைய கதையே ஆகும். இப்பூச்சி நோய் எதையும் பரப்புவதாக நிரூபணம் இல்லை. ஆயினும் உறக்கம் கெடுவது உழைப்பாளிக்குப் பெரிய நஷ்டம். வெளியூர்ப் பிரயாணத்திலும் பழைய கட்டில் வாங்குவதிலும் இது வீட்டுக்கு வருகின்றது. இது வந்த வீட்டாரை இழிவாகப் பேசுவது தவறு; இழிவுக்கு அஞ்சியே பலர் மறைத்து ஊரெங்கும் பரவவிடுகின்றனர்.

கரப்பானிற் பெரியது சாக்கடையில் வாழ்வது. இரவில் மாத்திரம் வீட்டுக்குள் வரும். அதற்குச் சாக்கடை வாயில் வலையிட்டு அடைப்பதே போதுமானது. சிறியதோ அரை அங்குல நீளமுள்ளது. தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் உடையது. அடுப்பங்கரையை விட்டு நீங்காது. இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். எனினும், 2024-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, இவ்வினம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ பர்மாவிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதருடைய வீடுகளை நாடி உலகெங்கும் சென்றதென்று காட்டியிருக்கிறது. தெளிக்கும் மருந்துகளுக்கு இது பெரிதும் பழகிவிட்டது; தெளித்தால் கலைந்து மற்ற அறைகளுக்கு ஓடும். இரவில் நீர்த்தொட்டியைத் துடைத்து உலரவிட்டு, எச்சிலை அகற்றி, போரிக் பொடியைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டையாக்கி, குழந்தை கைக்கு எட்டாத சந்துகளில் வைத்தலே நிலையான பலன் தரும்.

கொசு

கொசுக்களிலும் இனம் உண்டு. சாக்கடையிற் பிறந்து இரவிற் கடிப்பது யானைக்கால் நோய்க்குக் காரணமான இனம். மலேரியாவைப் பரப்பும் இனம் சுவரிற் சாய்ந்து உட்காரும். அவ்வினத்தின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர் 1897-ஆம் ஆண்டில் செகந்தராபாத்திற் கண்டறிந்தார். கால்களில் வெள்ளை வளையங்கள் உடையதாய்ப் பகலிற் கடிப்பது டெங்குக் காய்ச்சலைத் தருவது. ஆப்பிரிக்காவினின்று உலகெங்கும் பரவிய இது, சாக்கடையில் அன்று, வீட்டில் மூடாமல் வைத்த நல்ல நீரிலே பிறக்கின்றது. சிமெண்டுத் தொட்டி, குடம், ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவை இதன் பிறப்பிடங்கள். இதன் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலே மாதக்கணக்கிற் பிழைத்திருக்கும். ஆகையால் நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் செல்லும். ஆதலின், வாரத்தில் ஒருநாள் ஊர் முழுதும் ஒரே வேளையில் எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிட்டால், கொசுவுக்குப் பருவம் எய்த நேரம் கிடைக்காது. பத்து வீட்டார் செய்து பதினோராவது வீட்டார் செய்யாவிடில், கொசுவுக்கு அந்த ஒரு வீடே போதும்.

புதிதாக வந்த பகைவர்

முன்னோர் அறியாத சில பிராணிகளும் இப்பொழுது வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல் ஜில்லாவில் கரந்தமலைக் காட்டை அடுத்த கிராமங்களில் மஞ்சள் நிறமுள்ள ஒருவகை எறும்பு திரளாகப் பெருகியது. நீண்ட கால்களுடன் திசையின்றித் தாறுமாறாக ஓடும் இவ்வெறும்பு கடிப்பதில்லை, அமிலத்தைப் பீச்சியடிக்கும். ஆடு மாடுகளின் கண்கள் கெடுவதாக அவ்வூர்க் குடியானவர் முறையிட்டனர். வயலுக்குச் செல்வதும் அவர்களுக்கு அரிதாயிற்று. ஒரே கூட்டில் பல ராணிகள் இருப்பதால், ஒரு புற்றை அழித்தால் மற்றொன்று வளர்கின்றது. மண், நாற்று, விறகு, வைக்கோல் ஆகியவற்றோடு இது ஊர்விட்டு ஊர் போகும்.

ஆப்பிரிக்கப் பெருநத்தையை 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார். இன்று அது பப்பாளியையும் வாழைக் கன்றையும் தின்று, ஓடு வளர்வதற்கு வேண்டிய சுண்ணாம்பைத் தேடி வெள்ளையடித்த சுவர்களில் ஏறுகின்றது. மழைக்காலத்து இரவுகளில் ஈரச் சாக்கின் கீழ்ப் பப்பாளித் தழையை இட்டு வைத்தால், விடியற்காலையில் அங்கே கூட்டமாய் அகப்படும். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு புழு இதன் உடலில் இருக்கக்கூடும். ஆதலால் உறை அணிந்தோ இடுக்கியாலோ எடுத்து, உப்புநீரிலிட்டுக் கொன்று புதைக்கவேண்டும். குழந்தைகள் விளையாட எடுப்பதைத் தடுத்தல் அவசியம். இந்நத்தைக்குப் பிறந்த ஊரில் உள்ள பகைவர் இங்கு இல்லை. முதற் சில மாதங்களிற் கண்டு அடக்காவிடில், பின்னர் அடக்குவது மிக அரிது.

சங்கம் செய்யத்தக்கவை

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியே செய்தல் அரிது. சங்கத்தின் மூலம் செய்தல் எளிது. தானியம் உலர்த்தத் தார்ப்பாய்களையும், ஈரம் அளக்கும் கருவி ஒன்றையும், எலிப்பொறிகளையும், குழாய்ப் பொறிகளையும் சங்கமே வாங்கி, அங்கத்தினருக்குச் சிறு வாடகைக்கு விடலாம். அறுவடை முடிந்து வயல் வெறுமையாக இருக்கும் வாரத்தில், ஊர் முழுதும் ஒரே இரவிற் பொறி வைக்கும்படி தீர்மானம் செய்யலாம்; ஒரு தெருவில் விரட்டிய எலி அடுத்த தெருவிற் குடியேறுவதை இது தடுக்கும். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்க்கும் நாளை, பெண் அங்கத்தினர் குழு ஒன்று வீடு வீடாகப் பார்த்து நடத்தலாம். பூச்சி மருந்து விற்கும் சங்கமாயின், சீட்டில்லாத மருந்தை விற்பதில்லை என்றும், சிறுவர் கையிற் கொடுப்பதில்லை என்றும், வாங்குபவர் எந்தப் பூச்சிக்கு வாங்குகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வதென்றும் விதி செய்யவேண்டும். பெயர் தெரியாத எறும்பையோ வண்டையோ நத்தையையோ கண்டவர், அதைக் கண்ணாடிப் புட்டியில் இட்டுச் சங்க அலுவலகத்திற் கொண்டுவந்து வைத்தால், காரியதரிசி வேளாண்மை அலுவலருக்குக் காட்டி இனம் அறிந்து சொல்லலாம்.

கடனை வசூலிப்பதில் அங்கத்தினர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பது கூட்டுறவின் வழக்கம். ஒரு வீட்டிற் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்காமல் இருப்பதற்கும் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் ஜாமீன் ஆதல் வேண்டும். இன்று மாலை வீடு திரும்பும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் முதலாவதாகப் பரணையும் அலமாரியையும் திறந்து, அங்கே கிடக்கும் விஷப் புட்டிகளை எண்ணிப் பூட்டி வைக்கட்டும். அதன் பிறகு ஆட்டுக்கல்லிலும் தொட்டியிலும் தேங்கிய நீரைக் கொட்டித் தேய்த்துவிடட்டும். இவ்விரண்டுக்கும் காசு செலவில்லை. நாளை வரையில் தள்ளிப்போட வேண்டிய காரணமும் இல்லை.